கடவுச்சொல் எங்கே இருக்கிறது?

இணையக் கடைகளுக்காக வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில் பல, லினக்ஸில் ஓடுபவை. அங்கே ஒரு நிரல் தொடங்கும்போது ‘சூழல் மாறிகள்’ என்ற பெயரில் சில விவரங்கள் அதனிடம் கொடுக்கப்படும். வாடிக்கையாளர் பட்டியலைத் திறக்கும் கடவுச்சொல்லையும் பலர் இதில்தான் வைக்கிறார்கள். நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பதைவிட இது மேல். ஆனால், பூட்டிய பெட்டி அல்ல.

ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ‘புராக்’ கோப்புறைக்குள் ஓர் எண்ணிட்ட இடம் உண்டு. அங்குள்ள ‘என்விரான்’ கோப்பில் அந்த மாறிகள் இருக்கும். மற்ற பயனர்கள் அதைத் திறக்க முடியாது. நிர்வாகி திறக்கலாம், அதே பயனர் கணக்கில் ஓடும் வேறு நிரலும் பொதுவாகத் திறக்கலாம். சிக்கலே அங்கேதான். கடையோடு ஒரே கணக்கில் ஓடும் இன்னொரு நிரலில் ஓட்டை விழுந்தால், கடையின் கடவுச்சொல்லும் போய்விடும்.

அந்தக் கோப்பு காட்டுவது தொடக்க நிலையை. நிரல் பிறகு மாறியை நீக்கினாலும் பழையது அங்கே தெரியும். கடைக்குத் தனிப் பயனர் கணக்கு இருக்கிறதா என்று சர்வரைக் கவனிப்பவரிடம் கேளுங்கள்.