மூக்கைத் தாழ்த்துமுன்

காரின் எடைமையம் தாழ்வாக இருப்பது நல்லதுதான். அதனால் முன்பக்கத்தை இறக்கினாலே ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் நன்றாக நிற்கும் என்று முடிவுகட்டுவது அவசரம். 1989 வரை வந்த பழைய வகை போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் அல்ல, டார்ஷன் பார் எனும் முறுக்குத் தண்டு. பக்கத்துக்கு ஒரு திருகைத் திருப்பினால் மூக்கு இறங்கிவிடும். வேலை இத்தனை சுலபமாக இருப்பதுதான் ஆபத்து. எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்சக்கரங்கள் சுமப்பது மொத்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம்தான். ஆகவே மூக்கை 25 மில்லிமீட்டர் இறக்கினால் எடைமையம் இறங்குவது சுமார் 10 மில்லிமீட்டர். அது தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், வளைவில் வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடை 2 சதவீதம் குறையும். லாபம் அவ்வளவே.

நஷ்டம் இதைவிடப் பெரிது. கார் இறங்க இறங்க, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்கிறது. கார் எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாயுமோ அந்த ரோல் சென்டரை நிர்ணயிப்பதில் இந்தக் கோணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தக் காரில் உள்ள ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷனில் ரோல் சென்டர் எடைமையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், தாழ்த்தப்பட்ட மூக்கு முன்னைவிட அதிகமாகச் சாய முற்படும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் மாறுகிறது. அதன் முனையும் ஆர்மின் முனையும் வெவ்வேறு வளைகோட்டில் நகர்ந்தால், மேடுபள்ளத்தில் ஓட்டுநர் கை அசையாமலே சக்கரம் திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பது இதுதான்.

தடிமனான டார்ஷன் பார் போட்டால் சாய்வு அடங்குமே என்பார்கள். அடங்கும், ஆனால் முன்பக்கம் மட்டும் விறைத்தால் எடை மாற்றத்தில் பெரும்பங்கு வெளிப்புற முன்சக்கரத்தின்மேல் விழும், பிடியை முதலில் இழப்பதும் முன்பக்கமே. சக்கரம் அசையும் வரை பம்ப் ஸ்டியரும் போகாது. அதிவேகத்தில் காற்று மூக்கைத் தூக்காமலிருக்க இறக்குகிறோம் என்பது வலுவான காரணம். அதற்கும் 1972 மாடல் 911 எஸ் காருக்குப் போர்ஷே கொடுத்த விடை, முன்பம்பருக்கடியில் ஒரு ஸ்பாய்லர். ரேஸ் கார்கள் தாழ்வாகத்தானே ஓடுகின்றன என்ற கேள்விக்கு 911-இன் ரேஸ் வடிவமான 1970களின் ஆர்எஸ்ஆர் காரிலேயே பதில் இருக்கிறது. அதில் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலையே ஸ்ட்ரட்டில் சுமார் 20 மில்லிமீட்டர் மேலே ஏற்றினார்கள். கார் தாழ்ந்தது, ஆர்மும் டை ராடும் பழைய கோணத்திலேயே நின்றன. சாலையில் ஓடும் காருக்கும் இதே வழிதான் சிறந்தது. அந்தச் செலவு வேண்டாமென்றால், ஆர்ம் கிடைநிலையைத் தாண்டுமுன் இறக்குவதை நிறுத்திவிட வேண்டும். ஸ்டீயரிங் ரேக்குக்கு அடியில் ஸ்பேசர் வைத்து டை ராடின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். அலைன்மென்ட் பார்க்கும்போது கார் நிற்கும் உயரத்தில் மட்டும் டோ, அதாவது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவை, அளந்தால் போதாது. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் அளக்க வேண்டும்.