ஓம்மானியின் சுழி

பொன் நிறுக்கும் வணிகர், பொருளைத் தட்டில் இடுமுன் வெறுந்தட்டுகளைத் தூக்கிப் பிடித்துத் துலாக்கோலின் நா நேர்நிற்கின்றதா என்று நோக்குவர். மின்தடையை அளக்கும் ஓம்மானிக்கும் அத்தகைய சோதனை ஒன்று உண்டு.

ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியே இக்கருவிக்கு அடிப்படை. மின்னழுத்தம் மாறாதிருக்க, தடை மிகுந்தால் மின்னோட்டம் குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் மிகும். எளிய ஓம்மானியொன்றின் பெட்டிக்குள் உலர்மின்கலமும், முள்ளை அசைக்கும் கம்பிச்சுருளும், மாறுதடையும் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். வெளியே நீண்டுள்ள இரு கம்பிகளின் முனைகள் தம்முள் தொடாதிருக்கையில் மின்னோட்டம் இல்லை. முள் இடக்கோடியில் முடிவிலியைக் காட்டி நிற்கும். முனைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் முள் வலக்கோடிக்கு ஓடும். சுழி பொறிக்கப்பட்டிருப்பது அங்கேதான். முள் சுழிக்கு இப்பாலோ அப்பாலோ நிற்குமாயின், மாறுதடையின் குமிழை மெல்லத் திருகி அதனைச் சுழியின்மேல் நிறுத்துதல் வேண்டும்.

நேற்றுத் திருத்திய சுழி இன்று பிறழ்வது ஏன்? மின்கலம் நாளடைவில் தளர்வதே காரணம்.

இனி, மாணவர் கூர்ந்து நோக்கத்தக்க நுட்பம் ஒன்று உளது. சுழி திருந்தியதனாலேயே அளவுகோல் முழுதும் திருந்திவிட்டதென்று கொள்ளலாகாது. ஒரு மில்லி ஆம்பியரில் முள் வலக்கோடியை எட்டும் மானியொன்றில் 1.5 வோல்ட்டு மின்கலம் இருப்பதாகக் கொள்வோம். உள்தடை மொத்தம் 1500 ஓம் இருந்தால், முனைகள் சேர்ந்திருக்கையில் முள் சுழியில் நிற்கும். வெளியே மேலும் 1500 ஓம் இணைத்தால் மின்னோட்டம் பாதியாகி முள் நடுவில் நிற்கும். ஆதலின் அளவுகோலின் நடுவே 1500 என்று பொறித்திருப்பர். மின்கலம் 1.35 வோல்ட்டாகத் தளர்ந்ததும், நாம் குமிழைத் திருகி உள்தடையை 1350 ஓம் ஆகக் குறைக்கின்றோம். சுழி சரியாகிவிடுகின்றது. ஆனால், இப்பொழுது முள்ளை நடுவில் நிறுத்துவது 1350 ஓம் தடையே. கருவியோ அதனை 1500 என்று கூறும்! வானொலிப் பெட்டி பழுதுபார்ப்போர் இதனை அறியாராயின், குற்றமற்ற தடையைக் குற்றமுடையதென்று கழற்றி எறியவும் கூடும்.

இப்பிழையைக் குறைக்கும்பொருட்டுக் கருவி செய்வோர் பலர் மாறுதடையைச் சுருளுக்குப் பக்க இணைப்பாக அமைப்பர். அப்பொழுது சுருளின் வழியே செல்லும் மின்னோட்டத்தின் பங்குதான் கூடிக் குறையும். மொத்த உள்தடை பெரிதும் மாறாது. இது போற்றத்தக்க உத்தியே.

அளவெல்லையை மாற்றுந்தோறும் சுழியை மீண்டும் பார்த்தல் வேண்டும். குமிழை முற்றத் திருகியும் முள் சுழியை எட்டவில்லையேல், பெரும்பாலும் மின்கலத்தை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டதென்று அறியலாம்.

எண்களாலேயே அளவைக் காட்டும் இக்காலத்து மானிகள் பலவற்றில் இக்குமிழ் இல்லை. ஆயினும், அவற்றின் முனைகளைச் சேர்த்துப் பார்த்தால், சுழிக்கு மாறாக 0.2 அல்லது 0.3 ஓம் தோன்றுவதுண்டு. அது கம்பிகளின் தடை. சிறு தடைகளை அளக்கும்போது அதனைக் கழித்துக்கொள்ளல் வேண்டும்.