உம்மம்மாவின் கிதாபைத் தேடி

எங்கள் உம்மம்மாவிடம் அட்டையும் பெயர்த்தாளும் இல்லாத பழைய கிதாபு ஒன்று இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவு தண்ணீரூற்றிலிருந்து உடுப்புகளுக்குள் வைத்துக் கொண்டுபோனது. எழுத்து அறபு, வாசித்தால் வருவது தமிழ். இதைத்தான் அறபுத்தமிழ் என்கிறோம்.

நான் குர்ஆன் ஓதுவேன். உயர்தரத்தில் தமிழும் ஒரு பாடம். ஆனாலும் இந்தக் கிதாபில் ஒரு வரியைக்கூடத் தடக்காமல் வாசிக்க முடியவில்லை. ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு அறபியில் எழுத்தில்லை. அதனால் நம் முன்னோர் அறபு எழுத்துகளுக்கு மேலதிகப் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். எ, ஒ என்ற உயிர்களுக்கும் அப்படியே. மார்க்கச் சட்டம், மருத்துவம், பாடல் என்று பலவற்றை இவ்வெழுத்தில் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய நூல்கள் இலங்கையிலும் ஓதப்பட்டன.

கிதாபின் கடைசித் தாள்களும் இல்லை. "மிச்சம் எங்கயும் கிடைக்குமா எண்டு பாரன் மகள்" என்றார் உம்மம்மா.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் ராத்தாவோடு அங்குள்ள நூலகத்தின் கணினிப் பட்டியலில் தேடினேன். 'அறபுத்தமிழ்' என்று தட்டினால் ஒன்றுமே வரவில்லை. நாம் 'அறபு' என்று எழுதுவதைத் தமிழ்நாட்டில் 'அரபு' என்று எழுதுகிறார்கள். நமக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு! சேர்த்தும் பிரித்தும் எழுதிப் பார்க்க வேண்டும். 'அர்வி' என்ற பெயரும் உண்டு. அதை ஆங்கில எழுத்தில் தட்டியபோதுதான், தைக்கா ஷுஐப் ஆலிம் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெரிய ஆய்வுநூல் அகப்பட்டது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அறபுத்தமிழ் வளர்ந்த வரலாறு அதில் இருக்கிறது. பல்கலைக்கழகம் போக முடியாதவர்கள், 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' இணைய நூலகத்தில் ஈழத்து முஸ்லிம்களின் நூல்களையும் சஞ்சிகைகளையும் வீட்டிலிருந்தே இலவசமாக வாசிக்கலாம்.

பட்டியலோடு நின்றுவிடாமல் நூலகரிடமும் கேட்டது நல்லதாயிற்று. பெயர் தெரியாத நூலை அதன் தொடக்க வரியை வைத்தும் தேடலாம், அதைத் தமிழெழுத்தில் எழுதி வாருங்கள் என்றார் அவர். உங்கள் வீட்டிலும் இப்படிக் கிதாபு இருந்தால் கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். முதலில் செல்பேசியில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து வையுங்கள்.

இப்போது மஃரிபுக்குப் பிறகு உம்மம்மா வாசிக்க நான் எழுதுகிறேன். ஒன்பது பக்கம் முடிந்திருக்கிறது. நேற்று கடைசித் தாளையும் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னேன். தாள் முடிந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் மூன்று வரி சொன்னார். அவற்றையும் எழுதிக்கொண்டேன்.