பெரிய டயர்களும் அச்சுப் பல்லிணை விகிதமும்

அச்சுப் பல்லிணை விகிதம் என்பது ஓர் ஊர்தியின் இயக்கத்தண்டு எத்தனை முறை சுழன்றால் அதன் சக்கரம் ஒரு முறை சுழலும் என்பதைக் குறிக்கும் எண் ஆகும். இது இறுதி இயக்க விகிதம் எனவும் அழைக்கப்படுகின்றது. கரடுமுரடான நிலங்களில் செல்லும் நான்கு சக்கர இயக்க ஊர்திகளில், தொழிற்சாலையில் பூட்டப்பட்டவற்றை விடப் பெரிய டயர்களைப் பொருத்தும்போது இவ்விகிதம் பொருத்தமற்றதாகி விடுகின்றது. அதை ஈடுசெய்ய அச்சினுள் உள்ள பற்சக்கரங்களை மாற்றி வேறொரு விகிதம் தெரிவு செய்யப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் ஜீப் ராங்க்ளர் ஊர்திகளில் இம்மாற்றம் பரவலாகச் செய்யப்படுகின்றது. கீழே தரப்படும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 2007 முதல் 2018 வரை தயாரிக்கப்பட்ட ராங்க்ளர் ஜேகே வகையைச் சார்ந்தவை.

அமைப்பு

எஞ்சினின் சுழற்சி கியர்ப்பெட்டி, மாற்றுப்பெட்டி (டிரான்ஸ்ஃபர் கேஸ்), இயக்கத்தண்டு ஆகியவற்றின் வழியாக அச்சை வந்தடைகின்றது. அங்கே பினியன் எனப்படும் சிறிய பற்சக்கரம், கிரவுன் எனப்படும் பெரிய வளையப் பற்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. கிரவுனின் பற்களின் எண்ணிக்கையைப் பினியனின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதே விகிதம். கிரவுனில் 41 பற்களும் பினியனில் 10 பற்களும் இருந்தால் விகிதம் 4.10 ஆகும். இவ்வாறே 41-க்கு 11 என்பது 3.73, 41-க்கு 9 என்பது 4.56, 39-க்கு 8 என்பது 4.88, 41-க்கு 8 என்பது 5.13, 43-க்கு 8 என்பது 5.38 ஆகும். இந்த இணைகளில் எதற்கும் பொதுக் காரணி இல்லை என்பதைக் கவனிக்கலாம். இதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் மாறி மாறிச் சந்திக்கின்றது. தேய்மானம் ஒரே இடத்தில் குவிவதில்லை. 4.50, 5.00 போன்ற முழுமையான எண்களுக்குப் பதிலாக இத்தகைய பின்னங்கள் விற்பனைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண் பெரிதாக இருந்தால் அது "தாழ்ந்த கியர்" என்றும், சிறிதாக இருந்தால் "உயர்ந்த கியர்" என்றும் பட்டறைகளில் சொல்லப்படுகின்றது. புதிதாகப் படிப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். எனவே இக்கட்டுரையில் பெரிய விகிதம், சிறிய விகிதம் என்ற சொற்களே பயன்படுத்தப்படுகின்றன.

பெரிய டயரின் விளைவு

பெரிய டயர் அழகுக்காக மட்டும் பூட்டப்படுவதில்லை. பாறைகள் நிறைந்த பாதையில் ஊர்தியின் மிகத் தாழ்ந்த பகுதி அச்சின் நடுவிலுள்ள குமிழ் ஆகும். சுருள்வில்லை உயர்த்தினால் ஊர்தியின் உடல்தான் உயருமே தவிர, இக்குமிழ் உயராது. அதை உயர்த்துவதற்கு எளிய வழி டயரின் விட்டத்தைக் கூட்டுவதே. 32 அங்குல டயருக்குப் பதிலாக 37 அங்குல டயரைப் பூட்டினால் அச்சு ஏறத்தாழ 6 செ.மீ. உயர்கின்றது.

இதற்கு ஒரு விலை உண்டு. சக்கரம் ஒரு முறை சுழலும்போது ஊர்தி கடக்கும் தொலைவு விட்டத்திற்கு நேர் விகிதத்தில் கூடுகின்றது. அதே முறுக்குவிசைக்கு நிலத்தை உந்தும் விசை அதே அளவில் குறைகின்றது. ஜேகே ரூபிகான் வகையின் தொழிற்சாலை டயர் 255/75R17 ஆகும். இதன் விட்டம் 814 மி.மீ., அதாவது சுமார் 32.1 அங்குலம். இதற்கு மாற்றாக 35 அங்குல டயர் பூட்டப்பட்டால் உந்துவிசை 8 விழுக்காடும், 37 அங்குல டயர் பூட்டப்பட்டால் 13 விழுக்காடும் குறையும். பெரிய டயர் எடை மிகுந்ததாகவும், அவ்வெடை சுழல் மையத்திலிருந்து தொலைவில் அமைந்ததாகவும் இருப்பதால், அதைச் சுழலச் செய்வதற்கே கூடுதல் ஆற்றல் தேவைப்படுகின்றது. இப்பகுதியைக் கீழே வரும் எளிய கணக்கு காட்டாது.

விகிதத்தைக் கணித்தல்

பழைய நிலையை மீட்பதற்கான சூத்திரம் எளிது. பழைய விகிதத்தைப் புதிய டயரின் விட்டத்தால் பெருக்கிப் பழைய டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். ரூபிகானின் 4.10 விகிதத்திற்கு 35 அங்குல டயர் பூட்டினால்:

4.10 × 35 ÷ 32.1 = 4.47

4.47 விற்பனையில் இல்லை. அதை ஒட்டிய 4.56 தெரிவு செய்யப்படும். 37 அங்குல டயருக்கு விடை 4.73 ஆகும், அதற்கு அடுத்த 4.88 பொருத்தமானது. இரண்டு விகிதங்களுக்கு இடையில் விடை விழும்போது பெரியதைத் தெரிவு செய்வதே நடைமுறை. மேற்சொன்ன எடை இழப்பை அது ஓரளவு ஈடுசெய்யும்.

கணக்கில் இடும் விட்டம் உண்மையான விட்டமாக இருக்க வேண்டும். "35 அங்குலம்" என்று விற்கப்படும் 315/70R17 டயரின் கணித்த விட்டம் 34.4 அங்குலமே. காற்றழுத்தமும் சுமையும் சேரும்போது அது இன்னும் சற்றுக் குறையும். எனினும் பழைய டயருக்கும் இதே குறைவு நேர்வதால், விகிதத்தை ஒப்பிடும்போது பெரிய பிழை ஏற்படுவதில்லை. பழைய டயரை அளந்தும் புதிய டயரைப் பெயர்ப்பட்டியலில் பார்த்தும் கணக்கிடுவதே பிழைக்கு வழிவகுக்கும்.

இச்சூத்திரத்தில் மறைந்திருக்கும் ஓர் அனுமானம் உண்டு: தொழிற்சாலை விகிதம் சரியானது என்பதே அது. எல்லா ஊர்திகளுக்கும் இது பொருந்தாது. ஜேகே வகையின் அடிப்படை ஊர்திகள் சில 3.21 விகிதத்துடனும் 225/75R16 டயருடனும் (சுமார் 29.3 அங்குலம்) விற்கப்பட்டன. இதற்கு 35 அங்குல டயர் பூட்டினால் சூத்திரம் 3.84 என்றே விடை தரும். ஆனால் 3.21 என்பது நெடுஞ்சாலையில் எரிபொருளைச் சேமிக்கும் நோக்குடன் வைக்கப்பட்ட விகிதம். மலைப்பாதையைக் கருதி அல்ல. 3.84-ஐ ஒட்டிய 3.73 விகிதத்துடன் ஓட்டுபவர், ஏற்றங்களில் மேல் கியர்களைப் பயன்படுத்த முடியாமல் தவிப்பார். இத்தகைய ஊர்திகளுக்கு 4.56 அல்லது 4.88 பொருத்தப்படுவது வழக்கமாக இருப்பதன் காரணம் இதுவே.

எஞ்சின் வேகத்தின் வழியே தெரிவு செய்தல்

மேற்கண்ட குறையைத் தவிர்ப்பதற்கு, நெடுஞ்சாலையில் எஞ்சின் எவ்வேகத்தில் சுழலும் என்று கணிப்பது மேலான முறை. நிமிடத்திற்கான சுற்றுகளைப் பின்வருமாறு பெறலாம்:

சுற்றுகள் = 209 × வேகம் (கி.மீ./மணி) × அச்சு விகிதம் × கியர் விகிதம் ÷ டயர் விட்டம் (அங்குலம்)

2007 ஜேகே ரூபிகானின் ஆறு கியர்கள் கொண்ட கைமுறைப் பெட்டியில் ஆறாவது கியரின் விகிதம் 0.84. தொழிற்சாலை நிலையில் 100 கி.மீ./மணி வேகத்தில் எஞ்சின் சுமார் 2240 சுற்றுகளில் இருக்கும். 35 அங்குல டயரைப் பூட்டி விகிதத்தை மாற்றாமல் விட்டால் இது 2060 ஆகக் குறையும்; 4.56 பொருத்தினால் 2290 ஆகும். இதில் குழப்பம் இல்லை.

அதே ஊர்தியின் நான்கு கியர் தானியங்கிப் பெட்டியில் நிலைமை வேறு. அதன் நான்காவது கியரின் விகிதம் 0.69. 4.10 விகிதத்துடன் 35 அங்குல டயரில் 100 கி.மீ./மணி வேகத்தில் எஞ்சின் 1690 சுற்றுகளில் மட்டுமே சுழலும். அக்காலத்து 3.8 லிட்டர் எஞ்சின் இவ்வளவு தாழ்ந்த சுழற்சியில் போதிய திறனைத் தருவதில்லை. சிறு மேடு வந்தாலும் பெட்டி மூன்றாவது கியருக்கு இறங்கும், மேடு முடிந்ததும் நான்காவதற்கு ஏறும், மீண்டும் இறங்கும். இவ்வாறு அலைபாயும்போது பெட்டியின் எண்ணெய் சூடேறுகின்றது. தானியங்கிப் பெட்டிகள் பழுதடைவதற்கு வெப்பம் முதன்மையான காரணம் என்பதால், இது வசதி பற்றிய கேள்வி மட்டுமன்று. 35 அங்குல டயருக்கு 4.88 பொருத்தினால் 2010 சுற்றுகளும், 5.13 பொருத்தினால் 2110 சுற்றுகளும் கிடைக்கும். கைமுறைப் பெட்டிக்கு மிகையாகத் தோன்றும் 5.13, இப்பெட்டிக்கு நல்ல தெரிவாகின்றது. ஒரே ஊர்தி, ஒரே டயர், இரண்டு வேறு விடைகள்.

எனவே "35 அங்குலத்திற்கு இந்த விகிதம்" என்று டயரை மட்டும் வைத்துத் தரப்படும் அட்டவணைகளை அப்படியே பின்பற்றுவது தவறு. கியர்ப்பெட்டி, எஞ்சின், ஊர்தியின் எடை, இழுவை வண்டி உண்டா என்பது, ஓட்டப்படும் இடத்தின் உயரம் ஆகிய அனைத்தும் கணக்கில் வர வேண்டும். காற்றேற்றி (டர்போ) இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கின்றது.

தவழ்வு விகிதம்

பாறைகளின் மீது மிக மெதுவாக ஊர்ந்து செல்வதற்குத் தவழ்வு விகிதம் முக்கியமானது. முதல் கியர், மாற்றுப்பெட்டியின் தாழ் நிலை, அச்சு ஆகியவற்றின் விகிதங்களைப் பெருக்கினால் இது கிடைக்கும். ஜேகே ரூபிகான் கைமுறைப் பெட்டியில் இது 4.46 × 4 × 4.10, அதாவது 73 ஆகும். எஞ்சின் 700 சுற்றுகளில் இருக்கும்போது ஊர்தி மணிக்கு சுமார் 1.5 கி.மீ. வேகத்தில் நகரும், நடப்பவரை விட மெதுவாக. 3.21 அச்சும் 2.72 மாற்றுப்பெட்டியும் உள்ள அடிப்படை ஊர்தியில் இது 39 மட்டுமே.

இறக்கத்தில் இதன் மதிப்பு ஏற்றத்தை விடக் கூடுதல். தவழ்வு விகிதம் போதுமானதாக இருந்தால் எஞ்சினே ஊர்தியைப் பிடித்து நிறுத்தும். குறைந்தால் ஓட்டுநர் பிரேக்கை நம்ப வேண்டியுள்ளது. பெரிய டயர் பிரேக்கின் பிடியையும் அதே விழுக்காட்டில் குறைத்து விடுவதால் இரண்டு இழப்புகளும் ஒரே நேரத்தில் சேர்கின்றன. அச்சு விகிதத்தை மாற்றுவது முதல் இழப்பை மட்டுமே சரிசெய்யும். பிரேக்கின் இழப்பைச் சரிசெய்யாது. டயரையும் பற்சக்கரத்தையும் மாற்றிப் பிரேக்கை மறந்துவிடுவது இத்துறையில் அடிக்கடி காணப்படும் குறை.

வலிமை

விகிதம் பெரிதாகும்போது பினியன் சிறிதாகின்றது. ஒரே அளவுள்ள கிரவுனுக்கு 8 பற்கள் கொண்ட பினியன் 11 பற்கள் கொண்ட பினியனை விட மெலிந்தது. ஒரே நேரத்தில் பொருந்தி நிற்கும் பற்களும் குறைவு. அச்சின் அளவும் இதனுடன் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும். டானா 30 அச்சின் கிரவுன் விட்டம் சுமார் 18 செ.மீ., வழமையான டானா 44-இன் விட்டம் சுமார் 21.6 செ.மீ., டானா 60-இன் விட்டம் சுமார் 24.8 செ.மீ. ஆகும். முன்புறம் டானா 30 உள்ள ஊர்தியில் 37 அங்குல டயரையும் 5.13 விகிதத்தையும் சேர்ப்பது பற்கள் உடைவதற்கு வழிவகுக்கலாம். அங்கே செலவைப் பற்சக்கரத்தில் இடுவதா, அச்சையே மாற்றுவதா என்பதே முதற்கேள்வி.

ஹம்மர் எச்1 ஊர்தி இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. அதன் நடுப் பற்சக்கர விகிதம் 2.73 மட்டுமே, சக்கரத்தின் அருகில் 1.92 விகிதமுள்ள மற்றோர் இணை அமைந்துள்ளது. மொத்தம் 5.24 ஆகும். பினியனும் பெரிதாக இருக்கும், அச்சும் உயரே இருக்கும். செலவு மிகுந்த வழி இது.

முன் அச்சும் பின் அச்சும்

இரண்டு அச்சுகளின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். செலவைக் குறைக்க எண்ணிப் பின் அச்சை மட்டும் மாற்றுபவர்கள் உண்டு. பின்புறம் 4.56, முன்புறம் 4.10 என்றிருக்கும் ஊர்தியை நான்கு சக்கர இயக்கத்தில் இட்டால், முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட 11 விழுக்காடு வேகமாகச் சுழல முயலும். நிலம் அதற்கு இடம் தராதபோது திரிபு முழுவதும் மாற்றுப்பெட்டியிலும் தண்டுகளிலும் ஏறி ஏதேனும் ஒன்று உடையும். 4.10, 4.09 போன்ற மிகச் சிறிய வேறுபாடு தொழிற்சாலைகளாலேயே ஏற்கப்பட்டுள்ளது. ஆகவே நான்கு சக்கர ஊர்தியில் இச்செலவு எப்போதும் இரட்டைச் செலவு.

பொருத்துதல்

பினியன் உள்ளே நிற்கும் ஆழம், தாங்கிகளின் முன்னிறுக்கம், பற்களுக்கு இடையிலான இடைவெளி ஆகிய மூன்றும் மெல்லிய தகடுகளால் (ஷிம்) சரிசெய்யப்படுகின்றன. பல் இடைவெளி பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும். பற்களில் வண்ணப்பசை தடவிச் சுழற்றி, அது அழிந்த தடத்தைக் கொண்டு பற்கள் நடுவில் பொருந்துகின்றனவா என்று பார்க்கப்படுகின்றது. தவறாகப் பொருத்தப்பட்டவை முதலில் ஊளையிடும். பிறகு தேய்ந்து அழியும். பழைய டானா 44 அச்சுகளில் 3.73 வரையிலான விகிதங்களுக்கு ஒரு தாங்குகூடும், 3.92 முதலான விகிதங்களுக்கு வேறொரு தாங்குகூடும் தேவை என்பதால், வாங்குவதற்கு முன் இதைச் சரிபார்க்க வேண்டும். புதிய பற்சக்கரங்களைச் சிறிது தொலைவு மெதுவாக ஓட்டிக் குளிரவிட்டு மீண்டும் ஓட்டுவதும், சுமார் 800 கி.மீ. கடந்ததும் எண்ணெயை மாற்றுவதும் வழக்கம்.

டயர் மாறியதும் வேகமானி பொய் சொல்லத் தொடங்குகின்றது. 32.1 அங்குலத்திற்கு அமைந்த வேகமானி 100 காட்டும்போது, 35 அங்குல டயருள்ள ஊர்தி 109 கி.மீ./மணி வேகத்திலும், 37 அங்குல டயருள்ள ஊர்தி 115 கி.மீ./மணி வேகத்திலும் செல்லும். பழைய ஊர்திகளில் மாற்றுப்பெட்டியிலுள்ள சிறிய நெகிழிப் பற்சக்கரத்தை மாற்றியும், புதியவற்றில் கட்டுப்பாட்டுக் கணினியில் புதிய எண்களைப் பதிந்தும் இது திருத்தப்படுகின்றது. தானியங்கிப் பெட்டி கியர் மாற்றும் தருணமும் இவ்வெண்களைச் சார்ந்தே இருப்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

வரலாற்றில்

பெரிய விகிதங்கள் புதியவை அல்ல. இரண்டாம் உலகப்போரில் பயன்பட்ட வில்லிஸ் எம்பி ஜீப்பின் அச்சு விகிதம் 4.88. 1945-இல் உழவர்களுக்காக விற்பனைக்கு வந்த சிஜே-2ஏ 5.38 விகிதத்தைக் கொண்டிருந்தது. எஞ்சின் சிறியது, வேகம் தேவைப்படவில்லை. நெடுஞ்சாலைப் பயணம் பெருகியபோது விகிதங்கள் சிறுத்தன, 3.07 விகிதத்துடன் வந்த ராங்க்ளர்களும் உண்டு. 2003-இல் கலிபோர்னியாவின் ரூபிகான் மலைப்பாதையின் பெயரால் வெளிவந்த ராங்க்ளர் ரூபிகான், 4.11 விகிதத்தையும் 4 மடங்கு மாற்றுப்பெட்டியையும் தொழிற்சாலையிலேயே தந்தது. 2021-இல் 35 அங்குல டயர்களுடன் ஃபோர்டு பிராங்கோ 4.70 விகிதத்திலும், ராங்க்ளர் 4.56 விகிதத்திலும் வெளிவந்தன. முன்பு பட்டறைகளில் செய்யப்பட்ட கணக்கை இப்போது தயாரிப்பாளர்களே செய்து தருகின்றனர்.