"காலி செய்!" என்றால் எங்கே போவது?

லைட்ஹவுஸ் குப்பம் கரையில் எழும் கேள்வி

"வீட்டைக் காலி செய்!"

சின்னச் சொற்கள்தான். ஆனால், வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை நடுங்க வைக்க அவை போதும்.

அரிசி தீர்ந்து போனால் அடுத்த வீட்டில் கைமாற்று வாங்கலாம். துணி கிழிந்தால் தைத்துக் கட்டலாம். தலைக்கு மேலே இருக்கிற கூரை போய்விட்டால் என்ன செய்வது? அதை யாரிடம் கைமாற்று கேட்பது?

பட்டணத்தில் என்றால் அடுத்த தெருவில் வேறு வீடு தேடலாம். கடற்கரைக் குப்பத்தில் குடியிருப்பவர் எங்கே போவார்?

மணல் மேல் ஒரு குப்பம்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோ மீட்டர் தூரத்தில் பழவேற்காடு இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி தாலுகா. ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த ஊர். இந்தியாவில் உள்ள உப்புநீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்த பெரிய ஏரி, பழவேற்காடு ஏரிதான்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. அதன் மேல் ஒரு கலங்கரை விளக்கம். அந்த விளக்கின் பெயராலேயே அங்குள்ள மீனவர் குடியிருப்புக்கு "லைட்ஹவுஸ் குப்பம்" என்று பெயர்.

ஒரு பக்கம் கடல். மறு பக்கம் ஏரி. நடுவே இருக்கும் மணல் அகலமாகப் போவதில்லை. ஆனால் குடும்பங்கள் பெருகத்தானே செய்யும்? மகனுக்குக் கல்யாணம் ஆகிறது. பேரன் பிறக்கிறான். ஒரே அறையில் இரண்டு குடும்பம் எப்படி இருப்பது? அண்ணன் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ வாடகைக்கு ஓர் அறை கேட்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட வாடகைக்குப் பெரும்பாலும் பத்திரம் கிடையாது. ரசீது கிடையாது. "மாசம் பிறந்தால் கொடுத்துவிடு அண்ணே" என்ற வாய்ப்பேச்சுதான். வாய்ப்பேச்சு நல்ல காலத்துக்குப் போதும். "காலி செய்" என்ற நாளில் அது உதவாது.

பாடு என்றால் என்ன?

"குப்பத்தில் இடம் இல்லாவிட்டால், உள்ளே பத்து மைல் தள்ளி வீடு பார்த்துக் கொள்ளலாமே!" என்று சிலர் கேட்கலாம்.

அது முடியாது.

மீனவர் கடலைப் பார்த்துக் கொண்டே வாழ வேண்டியவர். காற்று எந்தத் திசையில் அடிக்கிறது, நீரோட்டம் எப்படி இருக்கிறது என்பதைக் கரையில் நின்று பார்த்துத்தான் படகை இறக்க முடியும். விடிவதற்கு முன்னே புறப்பட வேண்டும். படகையும் வலையையும் காவல் காக்க வேண்டும். மீன் கரைக்கு வந்ததும் விற்கப் புறப்படும் பெண்கள் கரையிலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பழவேற்காடு ஏரியின் சில குப்பங்களில் "பாடு" என்று ஒரு முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. பாடு என்றால் இங்கே கஷ்டம் என்று பொருள் அல்ல. ஏரியில் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே இடத்துக்குப் போனால் சண்டை வரும். அதனால் இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை வைத்துக் கொள்கிறார்கள். அதுதான் பாடு.

இந்த உரிமை ஊரோடு ஒட்டியது. பாங்கியில் போட்ட பணத்தைப் போல அதை வேறு ஊருக்கு மாற்றிக் கொள்ள முடியாது. ஆகவே, மீனவக் குடும்பம் வீட்டை இழந்தால் கூரை மட்டும் போவதில்லை. தொழிலும் சேர்ந்து ஆட்டம் காண்கிறது.

ராக்கெட்டுக்காக விட்டுக் கொடுத்த தீவு

வீட்டை விட்டுப் போகும் கதை இந்த ஏரிக்குப் புதிதல்ல.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே, ஆந்திர எல்லைக்குள் ஸ்ரீஹரிகோட்டா தீவு இருக்கிறது. ஏனாதி என்ற பழங்குடி மக்கள் அந்தத் தீவின் காட்டை நம்பி வாழ்ந்தார்கள். ஒரு காலத்தில் சென்னையில் அடுப்பு எரிந்ததே அந்தத் தீவின் விறகால்தான் என்று சொல்லும் அளவுக்கு, பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகு படகாக விறகு வந்தது.

1969-ல் ராக்கெட்டு ஏவும் தளத்துக்காக அந்தத் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபர் 9-ந் தேதி அங்கிருந்து முதல் ராக்கெட்டு புறப்பட்டது. இன்று உலகமே அண்ணாந்து பார்க்கும் இடம் அது.

நாட்டுக்கு அது பெருமை. அதற்காகத் தீவில் இருந்தவர்கள் தங்கள் குடிசைகளை விட்டு வெளியேற வேண்டி வந்தது. ராக்கெட்டு மேலே போவதை எல்லோரும் பார்த்தோம். மூட்டையைத் தலையில் வைத்துக் கொண்டு போனவர்களை எத்தனை பேர் பார்த்தோம்?

அலை போன பிறகு வந்த கேள்வி

2004 டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி என்ற ராட்சத அலை தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதையும் தாக்கியது. பழவேற்காட்டுக் குப்பங்களும் தப்பவில்லை.

கடல் அமைதியான பிறகு, "இனி எங்கே குடியிருப்பது?" என்ற கேள்வி வந்தது.

2005 மார்ச் 30-ந் தேதி தமிழக அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. கடலின் உயர் அலைக் கோட்டில் இருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்து, அது சேதமாகி இருந்தால், அதன் சொந்தக்காரர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒன்று: பழைய இடத்தை அரசாங்கத்திடம் விட்டுவிட்டு 200 மீட்டருக்கு அப்பால் போகலாம். ரூ.1½ லட்சம் மதிப்புள்ள புது வீடு இலவசமாகக் கிடைக்கும்.

இரண்டு: பழைய இடத்திலேயே இருக்கலாம். ஆனால் பழுது பார்க்கும் செலவு சொந்தச் செலவு. அரசாங்க உதவி கிடையாது.

வீடு வேண்டுமா, கடல் வேண்டுமா? மீனவருக்கு முன்னே வந்து நின்ற கேள்வி இதுதான்.

அந்த உத்தரவில் ஒரு நல்ல அம்சம் உண்டு. புது வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. குடித்துவிட்டு வந்து "என் வீட்டை விட்டு வெளியே போ" என்று மனைவியை விரட்ட முடியாது அல்லவா?

ஆனால் இந்த இரண்டு வழிகளும் வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொன்னவை. வாடகைக்கு இருந்தவரின் சட்டி பானையையும் அதே அலைதான் கொண்டு போனது. அவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

துறைமுகம் வளர்ந்தால்...

பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளி இருக்கிறது. அங்கே கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது, காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் இடம் மாற வேண்டி இருந்தது.

பிறகு அந்தத் துறைமுகத்தை மொத்தம் 6,111 ஏக்கராகப் பெரிதாக்க ஒரு திட்டம் போடப்பட்டது. "கரையைக் கடல் அரித்துவிடும், ஏரி கெட்டுவிடும், குப்பங்கள் அழிந்துவிடும்" என்று பழவேற்காட்டு மீனவர்கள் பயந்தார்கள். எதிர்ப்புக் குரல் கொடுத்தார்கள். 2021 ஜனவரி 22-ந் தேதி நடப்பதாக இருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளி வைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் மறுபடி தேதி குறித்தார்கள். அப்போதும் கூட்டம் நடக்கவில்லை.

"காலி செய்" என்று சொல்பவர் எப்போதும் வீட்டுக்காரராகவே இருக்க வேண்டும் என்பது இல்லை. கடலும் சொல்லும். திட்டமும் சொல்லும்.

சேலத்துத் தொழிலாளியின் வழக்கு

சரி, ஏழைக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

சேலத்தில் இருந்து 1961-ல் பிழைப்புத் தேடிப் பம்பாய்க்குப் போனார், நிலம் இல்லாத ஒரு தொழிலாளி. வீடு கிடைக்கவில்லை. நடைபாதையில் ஒரு குடிசை போட்டு மனைவியோடும் மூன்று பெண் பிள்ளைகளோடும் வாழ்ந்தார்.

1981 ஜூலை 23-ந் தேதி அந்தக் குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தைப் பஸ்சில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சேலத்தில் வேலை ஏது? அவர் மறுபடியும் பம்பாய்க்கே போனார். சுப்ரீம் கோர்ட்டிலும் வழக்குப் போட்டார்.

அவர் வழக்கோடு, பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் போன்றவர்கள் போட்ட வழக்குகளையும் சேர்த்து, 1985 ஜூலை 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அது.

"உயிர் வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும்" என்பது அதன் சாரம். நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை; ஆனாலும் முன்கூட்டி நோட்டீசு கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்காமல் விரட்டக் கூடாது என்றது. மழைக்காலத்தில் யாரையும் தெருவில் விடக் கூடாது என்று அந்த ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி வரை அவகாசமும் கொடுத்தது.

இன்னொன்றைக் கவனியுங்கள். 1976-ல் குடிசைகளைக் கணக்கெடுத்து, எண் போட்டு, அடையாள அட்டை கொடுத்திருந்தார்கள். அந்த அட்டை இருந்தவர்களுக்கு மாற்று இடம் கொடுத்தே தீர வேண்டும் என்றும் கோர்ட்டு சொன்னது. ஒரு சின்ன அட்டை! அதை வைத்திருந்தவருக்கு இடம் உண்டு.

"காலி செய்" என்றால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் பதற வேண்டாம். வீட்டுக்காரர் வாயால் சொன்ன உடனே மூட்டை கட்ட வேண்டியதில்லை.

மாத வாடகை வீடு என்றால், எழுத்து மூலமாக 15 நாள் நோட்டீசு கொடுக்க வேண்டும். 1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம் இப்படிச் சொல்கிறது. வேறு விதமாக ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதன்படி நடக்க வேண்டும்.

நோட்டீசு முடிந்த பிறகும், கதவைப் பூட்டவோ சாமான்களைத் தெருவில் எறியவோ வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அவர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பலாத்காரமாக வெளியேற்றினால், 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெறலாம்.

நகரங்களில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு 2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது.

வீடு புறம்போக்கில் இருந்தால்? அங்கேயும் நோட்டீசு இல்லாமல் இடிக்க முடியாது. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம், முதலில் நோட்டீசு கொடுத்துக் காரணம் கேட்கச் சொல்கிறது. நோட்டீசு வந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். குறித்த நாளுக்குள் பதில் எழுதிக் கொடுங்கள்.

திட்டத்துக்காக நிலம் எடுத்தால்? 2014 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த நில எடுப்புச் சட்டம், சொந்தக்காரரை மட்டும் பார்ப்பதில்லை. 3 ஆண்டுகளாக அந்த இடத்தை நம்பிப் பிழைத்த குத்தகைதாரர்களையும், நீர்நிலைகளை நம்பி வாழும் மீனவர்களையும் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்ற கணக்கில் சேர்க்கிறது. ஆனால் 3 ஆண்டுகள் அங்கே இருந்ததை எப்படிக் காட்டுவது?

அதற்குத்தான் காகிதம் வேண்டும்.

தகரப் பெட்டியில் என்ன இருக்கிறது?

ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, மின்சார ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை ஆகியவற்றில் இப்போது இருக்கும் வீட்டின் விலாசம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை கொடுக்கும்போது ஒரு துண்டுக் காகிதத்திலாவது தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, தண்ணீர் புகாத பையில் போட்டு வையுங்கள். கடலோரத்தில் இது மிகவும் முக்கியம்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்று கலங்க வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. பெண்களுக்கு வருமானக் கணக்கே கேட்பதில்லை. தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் கஷ்டம் இருக்கும். மகள் கல்யாணத்துக்கு வீடு வேண்டியிருக்கும். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் பரீட்சைக் காலத்திலும், அடைமழையிலும், மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பு எரியாத நேரத்திலும் கேட்காதீர்கள். இரண்டு மாத அவகாசம் கொடுத்தால் ஒரு குடும்பம் தெருவுக்கு வராமல் பிழைத்துக் கொள்ளும்.

அரசாங்கம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கடற்கரை ஒழுங்குமுறை விதிகள், மீனவ மக்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் தயாரிக்கச் சொல்கின்றன. 2011-ம் ஆண்டு விதிகளிலும் இது உண்டு. 2019-ம் ஆண்டு விதிகளிலும் உண்டு. அந்தத் திட்டத்தில் இன்றைய வீடுகளை மட்டும் எண்ணினால் போதாது. ஒரே கூரையின் கீழ் நெருக்கிக் கொண்டு இருக்கும் குடும்பங்களையும், வாடகைக்கு இருப்பவர்களையும், நாளைக்குக் கல்யாணம் ஆகப் போகும் பிள்ளைகளையும் எண்ண வேண்டும்.

எண்ணிக்கையில் வராத குடும்பத்துக்கு எந்தத் திட்டத்திலும் வீடு கிடைக்காது. கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, "எங்கள் குடும்பத்தைக் கணக்கில் சேர்த்தீர்களா?" என்று கேளுங்கள். பெண்களும் கேளுங்கள். "காலி செய்" என்ற சொல் வாசலுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டாம்.