கேமராவைக் கற்றவரும் கொட்டகையைக் கற்றவரும்

ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், ஆண்டிமடம் போன்ற ஊர்களில் இருந்துகொண்டு படமெடுக்க ஆசைப்படும் ஒருவர் முதலில் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? லென்ஸ், ஒளி, எடிட்டிங், திரைக்கதை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இவற்றுக்கு இன்று பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புனே திரைப்படக் கல்லூரிக்குப் போக முடியாதவரும் ஓரளவு தேறிவிடலாம். ஆனால் தமிழ்நாட்டில் எந்தத் திரைப்படப் பள்ளியிலும் படிக்காமல் சினிமாவுக்குள் வந்த முதல் தலைமுறையின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. எடுப்பதைக் கற்பதைவிடக் காட்டுவதைக் கற்பதுதான் கடினம். சுதந்திரக் கலைஞர் நிலைப்பதும் மறைவதும் அதைப் பொறுத்தே இருந்திருக்கிறது. இந்த வாரம் இரண்டு பேரை அருகருகே நிறுத்தி இதைப் பார்க்கலாம்.

முதலாமவர் ஆர். நடராஜ முதலியார். 1885-இல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் முதலில் சைக்கிள் வியாபாரம், பிறகு அமெரிக்க மோட்டார் கார்களும் உதிரிபாகங்களும் விற்கும் தொழில். தாதாசாகேப் பால்கேயின் படங்கள் சென்னைக்கு வந்தபோது, இதை நாமும் செய்யலாமே என்ற எண்ணம் அவருக்கு வந்தது. கற்றுத்தர ஊரில் ஆள் இல்லை. கர்சன் பிரபுவின் நிகழ்ச்சிகளைப் படம்பிடித்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரைப் புனேவில் பிடித்து, கேமராவைச் சுழற்றும் அடிப்படைகளை மட்டும் தெரிந்துகொண்டு திரும்பினார். தஞ்சைப் பக்கத்துச் செல்வந்தர் ஒருவரிடமிருந்து வில்லியம்சன் கேமராவும் அச்சுப்போடும் கருவியும் வந்தன. புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா ஃபிலிம் கம்பெனி எழுந்தது. ‘கீசக வதம்’ சுமார் 35 நாளில், 35 ஆயிரம் ரூபாய்ச் செலவில் முடிந்ததாகச் சொல்வார்கள். அது வெளிவந்த ஆண்டு 1916-ஆ, 17-ஆ, 18-ஆ என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் அது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தப் படத்துக்குள் இருந்த உழைப்பை நினைத்தால் இன்றும் மதிப்பு கூடுகிறது. சென்னை வெயிலில் ஃபிலிம் கழுவினால் கெட்டுப்போகும். ஆகவே குளிர்ந்த ஊரான பெங்களூரில் லேப் அமைத்து, எடுத்த சுருள்களை அங்கே கொண்டுபோய்க் கழுவினார்கள். நாடக உலகின் பம்மல் சம்பந்த முதலியாரிடம் ஆலோசனை கேட்டார்கள். ஊமைப்படம் என்பதால் இடையிடையே வரும் எழுத்துப் பலகைகளைப் பல மொழிகளில் எழுதி வாங்கினார்கள். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ எடுத்தபோது பெண் வேடத்துக்கு நம் பெண்கள் முன்வராத காலம்; மேரின் ஹில் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணைத் திரௌபதியாக்கினார். ‘லவகுசா’, ‘மயில்ராவணன்’, ‘மார்க்கண்டேயா’ என்று வரிசையாகப் படங்கள் வந்தன. தீ விபத்தும் மகனின் மறைவும் அவரை உடைத்தன. 1923 வாக்கில் தொழிலை விட்டார். 1971 வரை வாழ்ந்தார். எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று இல்லை.

இரண்டாமவர் கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளர். மாதச் சம்பளம் 25 ரூபாய். 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்து, உடல்நலம் கெட்டு, கருவியை விற்க முற்பட்டார். ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய்க்கு வின்சென்ட் அதை வாங்கினார். ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் ஆறேழு ஆண்டுச் சம்பளம் அது. வேலையை விட்டார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் துண்டுப் படங்களோடு கூடாரம் தூக்கிக்கொண்டு வடக்கே பெஷாவர் வரை போனார் என்பது பதிவு. சுற்றிய அனுபவத்தில், எந்த ஊரில் எந்த நாளில் ஜனம் கூடும், எவ்வளவு டிக்கெட் தாங்கும் என்பதெல்லாம் அவருக்குப் பாடமாயின. 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். மின்சாரத்தால் ஓடும் அச்சகமும் நடத்தினார். பேசும்படம் வந்த பிறகுதான் தயாரிப்பில் கை வைத்தார்: 1933-இல் கல்கத்தா பயனியர் ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட, டி.பி. ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ நன்றாக ஓடியது. 1942-இல் இறக்கும்வரை அவர் இந்தத் தொழிலிலேயே இருந்தார். கோவையில் வெரைட்டி ஹால் ரோடு இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

ஒருவர் ஏழெட்டு ஆண்டு, மற்றவர் முப்பத்தேழு ஆண்டு. இந்த வேறுபாட்டுக்கு நான் காணும் முதல் காரணம், வின்சென்ட் காட்டும் இடத்தைத் தன் கையில் வைத்திருந்தார் என்பது. நடராஜ முதலியார் படத்தை எடுத்து முடித்ததும் பிறர் தியேட்டரின் தயவுக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த படத்துக்கான பணம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திரட்டப்பட வேண்டும். வின்சென்டுக்கோ யாருடைய படம் ஓடினாலும் வரவு உண்டு. தன் படம் தோற்றாலும் கொட்டகை நிற்கும். இது தவறான ஒப்பீடு, முதலியாரை நிறுத்தியது வியாபாரம் இல்லை, துக்கம் என்று ஒருவர் சொல்லலாம். நியாயமான பேச்சு, மகனை இழந்த மனிதரிடம் வியாபாரக் கணக்குக் கேட்பது முறையல்ல. ஆனால் அவர் ஒதுங்கியதும் கம்பெனியும் ஒதுங்கிவிட்டதே, அது ஏன்? அவர் இல்லாமலும் நடக்கக்கூடிய எதுவும் அங்கே இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஆர். வெங்கையா. சென்னையில் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். படம் காட்டத் தொடங்கி, 1914-இல் மவுண்ட் ரோட்டில் கெயிட்டி தியேட்டரைக் கட்டியவர். மகன் ரகுபதி பிரகாஷை வெளிநாட்டுக்கு அனுப்பிப் படக்கலை கற்க வைத்து, ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கி, 1921-இல் ‘பீஷ்ம பிரதிக்ஞை’ எடுத்தார்கள். கொட்டகையும் இருந்தது, பயிற்சியும் இருந்தது, நிறுவனம் நீடிக்கவில்லை. ஆகவே கொட்டகை இருந்தால் எல்லாம் சரி என்று நான் சொல்ல முடியாது. வெங்கையா ஊமைப்பட நாளிலேயே பெரிய தயாரிப்பில் இறங்கினார். வின்சென்ட் காட்டும் தொழிலில் இருபத்தெட்டு ஆண்டு ஊறிய பிறகுதான் தயாரிப்புக்கு வந்தார். பொறுமை என்ற இந்த அம்சத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்றைய இளைஞர் இங்கே குறுக்கிடுவார்: யூடியூப் இருக்கும்போது கொட்டகை எதற்கு? கேள்வியில் உண்மை இருக்கிறது. மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் திரையிடல்கள் 2017-இல் தடுக்கப்பட்டபோது, இணையம்தான் அதை மக்களிடம் சேர்த்தது. அந்த வழி இல்லையென்றால் படம் அமுங்கியிருக்கும். ஆனால் எதிர்ப்பக்கமும் பாருங்கள். மதுரைப் பக்கத்து பி.எஸ். வினோத்ராஜ் திரைப்படக் கல்லூரியில் படித்தவரல்லர். சிறுவயதிலேயே வேலைக்குப் போனவர். அவருடைய ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் விழாவின் உயர்ந்த பரிசான டைகர் விருதை வென்றது. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. நயன்தாரா, விக்னேஷ் சிவன் போன்ற பெயர்கள் பின்னால் நின்றும், தமிழ்ப் பார்வையாளரின் வீட்டுக்கு அது ஓ.டி.டி. வழியாக வந்து சேர 2023 அக்டோபர் ஆயிற்று. உலகம் ஒப்புக்கொண்ட படத்துக்கே இவ்வளவு காத்திருப்பு. எடுக்கும் கருவி மலிந்துவிட்டது. காட்டும் வழி இன்னும் சிலர் கையில்தான் இருக்கிறது.

கலைஞனை வியாபாரியாக்கினால் கலை கெடும் என்ற கவலையும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மோட்டார் உதிரிபாகம் விற்ற தொழில்தான் நடராஜ முதலியாருக்குப் படத்தில் இறங்கும் துணிவைக் கொடுத்தது. வருமானம் பிறரிடமிருந்தே வந்தாக வேண்டியவர்தான் அதிகம் வளைய நேரிடும். மதுரையில் ஆர்.பி. அமுதன் ‘மறுபக்கம்’ அமைப்பின் வழியாக 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாக்களை நடத்தி வருவதைப் பாருங்கள். ‘பீ’ போன்ற, எந்தத் தியேட்டரும் போடாத படத்தை எடுத்தவர் அவர். தன் பார்வையாளர்களைத் தானே உருவாக்கிக்கொண்டதால் அவருடைய படங்கள் மென்மையாகிவிடவில்லை.

   

ரயில் நிலையம்கூட இல்லாத ஜெயங்கொண்டத்துக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். இங்கே சொல்லப்படாத கதைகளுக்குக் குறைவில்லை. பழுப்பு நிலக்கரி மின் திட்டத்துக்காக நிலம் எடுக்கப்பட்டு, இழப்பீட்டு வழக்குகளில் ஒரு தலைமுறையே கழிந்து, கடைசியில் திட்டம் கைவிடப்பட்ட கிராமங்கள் இருக்கின்றன. முந்திரிக்காடுகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிய மாளிகைமேடு, பெரம்பலூர்ப் பக்கம் காரையில் கல்லாகிக் கிடக்கும் பழைய கடலின் உயிர்கள், சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் எல்லாம் இருக்கின்றன. இவற்றைப் படமாக்கத் தேவையான கருவி இன்று யார் கையிலும் இருக்கிறது. இல்லாதது, அந்தப் படத்தை இந்த மக்களே உட்கார்ந்து பார்க்கும் இடம். ஊருக்கு ஊர் கல்யாண மண்டபம் உண்டு. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் காலியாகவே கிடக்கிறது. 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். உறுப்பினர்களுக்காக நடக்கும் திரைப்படச் சங்கம் என்ற வழியையும் ஆராய வேண்டும். ஐம்பது ரூபாய் கொடுத்து வருபவர் எத்தனை பேர், புரொஜெக்டர் வாடகை எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். லென்ஸைப் படிக்கும் அதே அக்கறையோடு இவற்றைப் படியுங்கள். ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர்ப் பிள்ளை எடுத்த படத்துக்கு மண்டபத்தை ஒரு மாலை கொடுங்கள், டிக்கெட் வாங்கிப் போய் உட்காருங்கள்.

(தொடரும்)