கியாரண்டி கேபின்: எதற்கு கியாரண்டி?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து, மெரினா பேயில் கப்பலேறி, மூன்று நான்கு நாள் கடலில் சுற்றிவிட்டு வருவது நம்மூர்க் குடும்பங்களுக்கு இப்போது பழகிப்போன விடுமுறை. புறப்படும் முன் சீட்டைக் காட்டி, ‘சரியா இருக்கா பாருங்க’ என்று என்னிடம் கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். அவர்கள் விலையைக் காட்டுகிறார்கள். நான் அறை எண்ணைத் தேடுகிறேன். பல சீட்டுகளில் அது இருப்பதில்லை. எண் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஜி.டி.ஒய்.’ என்று மூன்றெழுத்து இருக்கும். கியாரண்டி கேபின் என்பதன் சுருக்கம்.

“கியாரண்டின்னே போட்டிருக்கானே சார், அப்புறம் என்ன?” என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கப்பலில் உங்களுக்கு ஓர் அறை உண்டு, நீங்கள் காசு கட்டிய வகைக்கு அது குறையாது. கியாரண்டி அதோடு சரி. எந்தத் தளம், எந்த மூலை என்பதெல்லாம் கம்பெனி தன் வசதிப்படி பிறகு முடிவு செய்யும். அவர் எடுத்திருந்தது ஜன்னலில்லாத உள்ளறை. அவர், மனைவி, மகள், பேரன் என்று நான்கு பேர். இரண்டு பேருக்குச் சுவரிலிருந்து இறக்கும் மேல்படுக்கை. இரண்டாம் இரவு பேரனுக்கு வாந்தி, பேதி. வாந்தி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பையன் வெளியே வரக்கூடாது என்று கப்பல் டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளறையில் விளக்கை அணைத்தால் நண்பகலும் நள்ளிரவும் ஒன்றுதான். நான்கு பேருக்கும் ஒரே கழிப்பறை. மறுநாள் பாட்டிக்கும் ஆரம்பித்தது.

‘அறையில் தூங்கத்தானே போகிறோம், அதற்கு எதற்கு இவ்வளவு காசு?’ இதைச் சொல்லாதவர்களை நான் பார்த்ததில்லை. உடம்பு நன்றாக இருக்கிறவரை அது சரி.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்தவர்கள் 3,711 பேர். அதில் 700க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா. பயணிகள் 5ஆம் தேதியிலிருந்து இரண்டு வாரம் அறைக்குள். பால்கனி இருந்தவர்கள் கதவைத் திறந்து காற்று வாங்கினார்கள். உள்ளறைக்காரர்களை முகக்கவசத்தோடு, முறைவைத்து, கொஞ்ச நேரம் மேல்தளத்தில் நடக்கவிட்டார்கள். அங்கிருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பயணிகளுக்குச் சாப்பாட்டைக் கதவு கதவாகக் கொண்டுபோனதும், குறுகிய அறைகளைப் பகிர்ந்துகொண்டு தூங்கியதும் ஊழியர்கள்தான். நோய் அறிகுறி தெரியும்வரை அவர்களுக்கு அறைத் தனிமை என்ற பேச்சே இல்லை.

அந்தக் கப்பலை ஆராய்ந்த ஜப்பானின் தேசியத் தொற்றுநோய் ஆய்வு நிறுவனம் சொன்ன ஒரு விஷயத்தை நம் ஏஜென்டுகள் யாரும் சொல்வதில்லை. பயணிகளை அறைக்குள் அடைப்பதற்கு முன்பே நோய் பெருமளவு பரவிவிட்டது. அதன் பிறகு பரவியது பெரும்பாலும் ஊழியர்களுக்குள்ளும், ஒரே அறையில் இருந்த பயணிகளுக்குள்ளும்தான்.

ஆகவே முதல் கேள்வி, அறையில் எத்தனை பேர் என்பது. பால்கனி அதற்கு அப்புறம். நான்கு பேருக்கு ஒரு பால்கனி அறையா, இரண்டிரண்டு பேராக இரண்டு சாதாரண அறையா என்று கேட்டால், இரண்டு அறை என்பேன். ஒருவர் படுத்தால் மற்றவர்களை நகர்த்த இடம் வேண்டும். இரண்டு அறைக்கும் நடுவே கதவு இருக்கும் ஜோடி அறைகள் குடும்பத்துக்கு நல்லது. பக்கத்தில் அந்நியர் என்றால் அதே கதவு வழியாக அவர்கள் இருமல் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும்.

அடுத்தது காற்றும் வெளிச்சமும். ‘கடல் பார்த்த ஜன்னல்’ என்றால் கண்ணாடி திறக்காது. வெளிச்சம் வரும், காற்று வராது. பால்கனியில் இரண்டும் வரும். ‘விர்ச்சுவல் பால்கனி’ என்று விற்பது சுவரில் மாட்டிய திரை. அதில் கடலின் வீடியோ ஓடும், அவ்வளவுதான். சில பால்கனிகள் கப்பலின் நடுக்கூடத்தைப் பார்த்தவை. சில ஜன்னல்களுக்கு எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும். கம்பெனியின் இணையதளத்தில் தளவாரியான வரைபடம் இருக்கிறது. அறை எண்ணை அதில் வைத்துப் பாருங்கள். வயதானவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் எடுங்கள். ஆட்டம் அங்கே குறைவு.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பால்கனிக்குக் காசு கட்டியிருந்தாலும், தொற்று உறுதியானால் ஒதுக்கிவைத்த வேறு அறைக்கு உங்களை மாற்றக் கம்பெனிக்கு உரிமை உண்டு. பயண ஒப்பந்தத்தில் அது இருக்கும். பணம் கட்டும்போது ‘ஏற்கிறேன்’ என்று டிக் அடிக்கிறோமே, அதுதான் அந்த ஒப்பந்தம். படிக்காமல் அடிக்கிறோம்.

மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். கப்பலேறும்போது பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பயண நாளைவிட இரண்டு வாரம் அதிகமாக, டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். டயமண்ட் பிரின்சஸில் மருந்து தீர்ந்து, பால்கனியில் துணி கட்டி எழுதிக் கேட்டிருக்கிறார்கள். இன்னொன்று: வாந்தி பேதி கிருமியான நோரோவைரஸுக்கு சானிடைசர் போதாது. சோப்பும் தண்ணீரும்தான்.

இனி காகிதம். கவனமாகப் படியுங்கள், ஏமாறுகிற இடம் இதுதான்.

அறை எண், தளம், வகை மூன்றையும் ஏஜென்டிடம் மெயிலில் வாங்குங்கள். ‘போன்ல சொன்னாரே’ என்பது சாட்சியாகாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது மூன்று கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: கப்பல் பயணம் இதில் அடங்குமா? ஆஸ்பத்திரியில் சேராமல் கப்பல் அறையில் தனிமைப்படுத்தினால் பணம் உண்டா? பயணம் பாதியில் நின்றால், நாள் நீண்டால் விமானச் செலவு உண்டா? ‘எல்லாம் கவர் ஆகும் மேடம்’ என்கிற போன் குரலை நம்பாதீர்கள். பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். கப்பலேறும் நாளில் தரும் உடல்நலப் படிவத்திலும் மறைக்காதீர்கள்.

கப்பலைவிட்டு இறங்குவதற்கு முன் மருத்துவ மையத்தில் மூன்று காகிதம் கேளுங்கள்: நோயின் பெயரோடு டாக்டர் குறிப்பு, இனம்வாரியான பில், எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எதுவரை அறையில் இருக்கச் சொன்னார்கள் என்ற கடிதம். இறங்குவதற்கு முன். இறங்கிவிட்டால் மெயிலுக்கு மேல் மெயில் போட்டுக் காத்திருக்கவேண்டியதுதான். தலைமையாசிரியர் கையில் இருந்தது கார்டு பில்லில் ‘மெடிக்கல்’ என்ற ஒரே வரி. காப்பீட்டுக் கம்பெனி ‘ஆவணம் போதாது’ என்று ஒற்றை வரியில் கையைக் கழுவியது.

அப்படிக் கழுவினால் விடாதீர்கள். முதலில் அதே கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியலாம். மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேன். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போகவேண்டும். வக்கீல் வேண்டியதில்லை.

சொன்ன அறை ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் ஏஜென்ட் மீது நுகர்வோர் வழக்கு. ஒப்பந்தத்தில் வெளிநாட்டு நீதிமன்றம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டாண்டு அவகாசம் உண்டு. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள்.

தமிழ்நாட்டுக்கான காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலை 453, ஃபாத்திமா அக்தர் கோர்ட், நான்காவது மாடி. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.